அந்நிய ஊரில் ஆறு மாதம்

தமிழில் பிரயாண நூல்களுக்குப் பஞ்சமில்லை. கப்பலில் போனவர்கள் எழுதினார்கள். ஆகாய விமானத்தில் போனவர்கள் எழுதினார்கள். இப்போது போய் இறங்குவதற்கு முன்பே எழுதத் தொடங்கி விடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைப் படித்து முடித்ததும் ஆசிரியர் எந்த ஊரில் என்ன சாப்பிட்டார், எங்கே குளிரில் நடுங்கினார், எந்த விமான நிலையத்தில் பெட்டி வந்து சேரவில்லை என்பதெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிந்து விடுகிறது. அந்த ஊர் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை.

இதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை. வழிப்போக்கன் வழியில் கண்டதைத்தான் சொல்ல முடியும். மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' தொடர் ஆனந்த விகடனில் வந்த காலத்தில், ஊரைத் தாண்டிப் போயிராத எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய ஜன்னலாக இருந்தது. தி. ஜானகிராமனின் 'உதய சூரியன்' போல, காதும் கண்ணும் கூர்மையான ஒரு நாவலாசிரியர் எழுதிய பிரயாண நூலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் வேண்டாம் என்று தள்ளி விட எனக்கு மனசு வராது.

ஆனால் இன்றைக்கு வேறு ஒரு ஆசை தலையெடுத்திருக்கிறது. பத்து நாளில் ஏழு நகரம் என்று சுற்றுவதில் பலருக்கு அலுப்புத் தட்டி விட்டது. ஒரே ஊரில் ஆறு மாதம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொண்டு தங்க வேண்டும். அந்த ஊர்க் கடையில் காய்கறி வாங்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் கொண்டாடும் பண்டிகையைக் கொண்டாடி, அந்த வாழ்க்கையை உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். உடனே வருகிற கேள்வி: எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

என் அக்காள் மகன் அப்படித்தான் கேட்டான். விருத்தாசலத்தில் செராமிக் படித்து விட்டு, குஜராத்தில் மோர்பிப் பக்கம் ஓடு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தவன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அடுத்த வேலைக்கு முன்னால் ஆறு மாதம் ஓய்வு. கருவேப்பிலங்குறிச்சிக்கு என்னைப் பார்க்க வந்தவன், "மாமா, நீங்க இவ்வளவு புத்தகம் படிக்கிறீங்களே, பாரிஸுக்குப் போகலாமா, டோக்கியோவா, பாலித் தீவா? எங்க தங்குனா அந்த ஊரு நமக்குப் புரியும்?" என்று கேட்டான்.

இது டிக்கெட் விற்கிறவரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று யாரும் நினைக்கலாம். அவர் வாடகையையும் வெயிலையும் பற்றிச் சொல்லுவார். எந்த ஊர் 'புரியும்' என்பது இலக்கியக் கேள்வி. வெளியூரில் தங்கியவர்கள் எழுதி வைத்தவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப் போயிற்று என்று பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். அந்த விதமாகத்தான் அவனுடைய கேள்வியை எடுத்துக் கொண்டேன்.

ஏ. கே. செட்டியாரை முதலில் பார்க்கலாம். 1911-இல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். காந்தியடிகளைப் பற்றி உலகமெல்லாம் அலைந்து படச்சுருள் திரட்டி, 1940-இல் ஆவணப்படமாகக் காட்டியவர் என்பதற்காகவே அவரை நாம் நினைக்கிறோம். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று தம் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் அவருக்கே பட்டமாகி விட்டது. சுற்றினார் என்பது நம் மனசில் நிற்கிறது. அதற்கு முன்னால் 1930-களின் நடுவில் அவர் டோக்கியோவுக்குப் புகைப்படக் கலை படிக்கிற மாணவனாகப் போனார், பிறகு நியூயார்க்கிலும் அதையே படித்தார் என்பது நிற்கவில்லை.

எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மாணவனாகப் போகிறவன் ஒரு ஊரில் கீழ்ப்படியில் நிற்கிறவன். அவன் தவறாகச் செய்தால் வாத்தியார் சொல்லுவார். நேரம் தப்பி வந்தால் கேட்பார். அவனுக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே தெரிந்தவனைப் போல நடிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. செட்டியாரின் உரைநடையில் இந்தப் பணிவு கடைசி வரை இருந்தது. வாக்கியங்கள் சிறியவை. 'நான்' என்ற சொல் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும். ஒரு தேசத்தின் பெருமையை இரண்டு பக்கம் வர்ணிப்பதைக் காட்டிலும், அந்தத் தேசத்து மனிதர் ஒருவர் செய்த ஒரு காரியத்தை இரண்டு வரியில் சொல்லி விட்டு நகர்ந்து விடுவார். உலகத்தின் முன்னால் மாணவனாக உட்கார்ந்து பழகியவருக்குத்தான் அந்த நடை வரும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான நிலை விருந்தாளியின் நிலை. அசோகமித்திரன் 1973-74-இல் அமெரிக்காவில் அயோவா நகரத்து சர்வதேச எழுத்தாளர் திட்டத்தின் அழைப்பில் ஏழு மாதம் தங்கினார். அந்த அனுபவம் 1985-இல் 'ஒற்றன்' என்ற நாவலாக வந்தது. பல நாட்டு எழுத்தாளர்களை ஓரிடத்தில் கூட்டித் தங்க வைத்து எழுதச் சொல்லும் ஏற்பாடு அது. "புத்தகம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் அமெரிக்கா எங்கே?" என்று இதைப் படித்த சிலர் கேட்டு நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். அதில் எத்தியோப்பியாக்காரர் வருகிறார், பெருக்காரர் வருகிறார். அவர்களுடைய கோபமும் பாசமும் விசித்திரங்களும் வருகின்றன. அயோவாவின் விவசாயியும் பலசரக்குக் கடைக்காரனும் தூரத்தில்தான் தெரிகிறார்கள்.

அதுவே அந்தப் புத்தகத்தின் நாணயம் என்பது என் கட்சி. விருந்தாளியை யாரும் அதட்ட மாட்டார்கள். அவன் தப்பாகப் பேசினாலும் புன்னகை செய்வார்கள். தப்பான பஸ்ஸில் ஏறினால் இறக்கி விட்டு வழி காட்டுவார்கள். அந்த மரியாதை ஒரு கண்ணாடிச் சுவர். அசோகமித்திரன் அதைத் தெரிந்து கொண்டார். சுவருக்கு அப்பால் இருப்பவர்களைத் தமக்குத் தெரியும் என்று சாதிக்கவில்லை. தம்மைப் போலவே சுவருக்கு இப்பால் இருந்த விருந்தாளிகளைப் பற்றி எழுதினார். 'ஒற்றன்' என்ற தலைப்பையே பாருங்கள். ஊருக்குள் இருந்தும் ஊரோடு ஒட்டாமல் பார்த்துக் கொண்டிருப்பவனுக்குத்தானே அந்தப் பெயர்? அதே ஏழு மாதத்தை வைத்துக் கொண்டு 'அமெரிக்கர்களின் உள்ளம்' என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தால் அது இதற்குள் மறந்து போயிருக்கும்.

இனி ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர். 1938-இல் கப்பலேறி இந்தோனேஷியாவின் மேடான் நகரத்துக்கு வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்து 1946-இல் திரும்பி வந்தார். 'கடலுக்கு அப்பால்' 1959-இலும் 'புயலிலே ஒரு தோணி' 1972-இலும் புத்தகமாக வந்தன. அந்நிய மண்ணைப் பற்றித் தமிழில் இவ்வளவு உள்ளே போய் எழுதப்பட்ட நாவல்கள் அபூர்வம். மலாய், சீன, டச்சுச் சொற்கள் அவருடைய பக்கங்களில் அடிக்குறிப்புக்குக் காத்திருக்காமல் உலாவுகின்றன. மேடான் கடைத்தெருவில் நிற்கிற பாண்டியனுக்குச் சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரை வீதிகளும் நினைவில் வந்து போகின்றன. இரண்டு ஊரும் ஒரே மனசில் ஒன்றையொன்று இடித்துக் கொண்டு கிடக்கின்றன. வெளியூரில் உண்மையாகக் குடியிருந்தவனுக்கு இதுதான் நடக்கும்.

சிங்காரத்தின் உலகம் வட்டிக்கடை உலகம். அங்கே பையனாகச் சேருகிறவன் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பார். 'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா துப்பாக்கி பிடித்து விட்டுத் திரும்பி வருகிறான். சிப்பாயாக இருந்தவன் இனிக் கணக்குப் பெட்டிக்கு ஆக மாட்டான் என்று முதலாளி முடிவு கட்டுகிறார். மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மறுக்கிறார். அந்த மறுப்பில் ஒரு காதல் கதையின் சோகம் மட்டும் இல்லை. ஒரு சமூகம் தன் ஆட்களை எந்தத் தராசில் நிறுக்கிறது என்பது முழுவதும் இருக்கிறது. அந்தத் தராசில் ஏறி நின்றவர்தான் அதை எழுத முடியும்.

அந்த முதலாளியும் தமிழர்தானே, அப்படியானால் அவர் அதட்டியதால் மலாய் நாடு எப்படிப் புரியும் என்று கேட்கலாம். கடைக்குள் இருந்த வரையில் புரியாதுதான். ஆனால் வட்டிக்குக் கொடுக்கிறவன் வாங்குகிறவனுடைய பாஷையைக் கற்காமல் முடியாது. வசூலுக்குப் போகிற இடத்தில் எந்த வார்த்தைக்கு மரியாதை, எந்த வார்த்தைக்கு அடி என்று தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் யுத்தம் வந்து கடைச் சுவரையே இடித்துத் தள்ளி விட்டது. ஜப்பானியர் வந்த பிறகு, அவரவர் வைத்திருந்த பாதுகாப்பு யாருக்கும் மிஞ்சவில்லை. அந்த இடிபாட்டுக்குள்ளிருந்துதான் 'புயலிலே ஒரு தோணி' பிறந்தது.

இந்த இடத்தில் புத்தக அலமாரியை விட்டுக் கொஞ்சம் வெளியே வர வேண்டியிருக்கிறது. என் அக்காள் கணவர் வளைகுடா நாடு ஒன்றில் ஒன்பது வருஷம் கட்டட வேலை செய்தவர். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து இப்படிப் போய் வந்தவர்கள் பலர். அந்தப் பணத்தில்தான் அவருடைய மகன் படித்தான். ஒன்பது வருஷம் என்பது ஆறு மாதத்தைப் போலப் பதினெட்டு மடங்கு. அந்த ஊரைப் பற்றி அவரிடம் கேட்டால் வெயிலைச் சொல்லுவார், வெள்ளிக்கிழமையைச் சொல்லுவார், கேம்ப்பில் ஒரே அறையில் இருந்தவர்களைச் சொல்லுவார். மலையாளம் மழையாகக் கொட்டுவார். ஹிந்தியில் பேரம் பேசுவார். அரபு மொழியில் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. மேஸ்திரி கேரளத்துக்காரர், அவருக்கு மேலே இருந்தவர் பாகிஸ்தான்காரர். அந்த ஊர்க்காரர் வீடு எதற்குள்ளும் அவர் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. கணக்காகச் சொன்னால் அவர் ஒன்பது வருஷம் குடியிருந்தது கேரளத்தில்.

ஆகவே அதட்டுவதற்கு ஆள் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆள் அந்த மண்ணைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும்.

அதுவும் போதுமா? பென்யாமின் மலையாளத்தில் எழுதி 2008-இல் வெளிவந்த 'ஆடுஜீவிதம்' தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. நஜீப் என்ற கேரளத்து இளைஞன் வளைகுடா வேலை என்று நம்பிப் போய், பாலைவனத்தில் ஒரு ஆட்டுப்பட்டியில் அடிமையாக மாட்டிக் கொள்கிற கதை. அவனுடைய எஜமானன் அந்த மண்ணின் மனிதன்தான். அதட்டுவதற்கும் அடிப்பதற்கும் குறைவே இல்லை. ஆயினும் நஜீப்புக்கு அந்த ஜனங்களைப் பற்றி என்ன தெரிந்தது? பதில் சொல்லப் பாஷை கிடையாது. சொன்னாலும் கேட்க அங்கே காது கிடையாது. ஆகவே அவன் ஆடுகளுக்குத் தன் ஊர் மனிதர்களின் பெயர்களை வைத்து அவற்றோடு பேசுகிறான். பட்டிக்குள் தன் சொந்தக் கிராமத்தைக் கட்டிக் கொள்கிறான். திருப்பிப் பேச முடியாத இடத்தில் மனிதன் இப்படித்தான் ஆகிறான். அந்நிய நாட்டில் இருக்கிறான் என்பதே பேருக்குத்தான்.

இப்போது விஷயம் கொஞ்சம் தெளிவாகிறது. நம்மைத் திருத்துவதற்கு உரிமையுள்ள ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், அவரிடம் "ஏன் அப்படி?" என்று திருப்பிக் கேட்பதற்கு நமக்கும் ஒரு இடம் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக அமைகிற உறவு பெரும்பாலும் குருவுக்கும் சீடனுக்கும் இடையில், அல்லது ஒரே தொழிலில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் இடையில்தான் அமைகிறது.

மருமகன் மண்ணில் வேலை செய்கிறவனாதலால் அவன் தொழிலிலேயே ஒரு உதாரணம் சொல்லுகிறேன். பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயர் 1909-இல் டோக்கியோவுக்குப் போனார். ஜப்பானியருக்குச் செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்குகிற வித்தையைக் கற்றுக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு போனவர். 1911-இல் ஒரு விருந்தில் வந்தவர்களிடமெல்லாம் சுடாத மண் கிண்ணங்களைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்கள். தோட்டத்தில் இருந்த சிறிய சூளையில் அவற்றை வைத்துச் சுட்டு, சிறிது நேரத்துக்குள் சிவக்கச் சிவக்க வெளியே எடுத்தார்கள். லீச் மனசைப் பறிகொடுத்தார். வாத்தியாராக வந்தவர், கென்ஸான் பரம்பரையில் ஆறாமவரான ஒரு கிழவரைத் தேடிப் போய்ச் சீடராகச் சேர்ந்தார். 1920-இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவர் ஊரில் சூளை போட்டார். 1940-இல் அவர் எழுதிய மண்பாண்டக் கலை நூல், உலகம் முழுவதும் சக்கரத்தின் முன்னால் உட்காருகிறவர்கள் கையில் புரண்டு வருகிறது. கற்றுக் கொடுக்கப் போனவராகவே அவர் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் நமக்குக் கிடைத்திராது.

அவரோடு செயின்ட் ஐவ்ஸுக்குப் போனவர் ஹமாடா ஷோஜி. ஏறக்குறைய மூன்று வருஷம் அங்கே இருந்தார். இங்கிலாந்துக்குப் போய் லண்டனில் குடியிருக்காமல் ஒரு மீனவர் ஊரில் சூளை கட்டிக் கொண்டிருந்தவர், ஊர் திரும்பியதும் கியோட்டோவின் பெருமைக்கும் போகவில்லை. மாஷிகோ என்ற சிற்றூருக்குப் போனார். தண்ணீர் ஜாடியும் ஊறுகாய் ஜாடியும் செய்து சந்தைக்கு அனுப்பிக் கொண்டிருந்த ஊர் அது. பிற்காலத்தில், 1955-இல், ஜப்பான் அரசாங்கம் அவரைத் தேசத்தின் உயிருள்ள பொக்கிஷம் என்று கௌரவித்தது. புகழ் பெற்ற ஊரில் புகழ் பெற்றவர்களைப் பார்க்கலாம். வேலை நடக்கிற ஊரில் வேலைக்காரர்களைப் பார்க்கலாம். ஹமாடா எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வியை ஒரு தடவை திருப்பிப் போட்டும் பார்க்கலாம். வெளிநாட்டார் ஒருவர் நம்மைப் புரிந்து கொள்ள ஆறு மாதம் தங்க வேண்டும் என்று கேட்டால், எந்த ஊரைச் சொல்லுவோம்? மதுரை என்போம், தஞ்சாவூர் என்போம், புதுச்சேரி என்போம். கருவேப்பிலங்குறிச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் பஸ் நின்று புறப்படுகிற ஊர். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். பார்ப்பதற்கு இல்லைதான்.

ஆனால் எங்கள் விருத்தாசலம் வட்டாரத்திலேயே கோணான்குப்பம் இருக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-இல் கோவாவில் வந்து இறங்கிய கான்ஸ்டன்டைன் பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று சொல்லுகிறவர், அந்தக் கிராமத்தில் மாதாவுக்கு ஒரு கோவில் எழுப்பினார். பெரியநாயகி என்று பெயர் வைத்தார். விருத்தாசலம் பழமலைநாதர் கோவிலில் இருக்கிற அம்மனுக்கும் அதுதான் பெயர். அந்தப் பெயரை அவர் எந்தக் காற்றில் கேட்டிருப்பார் என்று ஊகிப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சிரமமில்லை. பிறகு கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியிலும் நெடுநாள் இருந்தார். 1747-இல் இறக்கும் வரையில் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. மதம் பரப்ப வந்தவர் என்பது உண்மை. அந்த நோக்கத்தைப் பற்றி அவரவர் அபிப்பிராயம் அவரவருக்கு. நான் இங்கே பார்ப்பது அவர் கற்றுக் கொண்ட விதத்தை.

அவருக்கு இரண்டு விதமான ஆசிரியர்கள் இருந்தார்கள். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் இலக்கணம் பயின்றதாகச் சொல்லுவது மரபு. அந்தப் படிப்பின் பலன் 1726-இல் முடிந்த 'தேம்பாவணி'. சூசையப்பரின் கதையைச் சொல்லுகிற அந்தக் காவியத்தில் யூதேய நாடே தமிழ் நாட்டு மருத நிலமாகப் பச்சை பிடித்து நிற்கிறது. 1730-இல் 'தொன்னூல் விளக்கம்', 1732-இல் 'சதுரகராதி' என்று புலவர் சபைக்கு வேண்டியதையெல்லாம் செய்தார். இன்னொரு ஆசிரியர் தெரு. தெருவில் ஜனங்கள் பேசுகிற தமிழுக்கு அவர் லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சாயிற்று. புலவர்கள் கொடுந்தமிழ் என்று ஒதுக்கியதை, இலக்கணம் எழுதத் தகுந்தது என்று மதித்தவர் ஒரு வெளியூர்க்காரர்.

அந்தத் தெரு கற்றுக் கொடுத்ததுதான் 'பரமார்த்த குருவின் கதை'. 1822-இல் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டு விட்டு மற்றவர்களை எண்ணி, ஒரு ஆள் குறைகிறது என்று அழுகிற வேடிக்கை ஐரோப்பாவிலும் உண்டு. இங்கிலாந்தில் கோத்தம் என்ற ஊர்க்காரர்கள் தலையில் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விற்கிறவனும், அதை நம்பி வாங்குகிற சீடர்களும், அவர்கள் பேசுகிற பேச்சும் முழுக்க நம்முடையவை. 'தேம்பாவணி'யைப் புலவர்கள் படிக்கிறார்கள். பரமார்த்த குருவைக் குழந்தைகள் ஆசிரியர் பெயர்கூடத் தெரியாமல் சொல்லுகிறார்கள். ஒரு வெளியூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்க முடியும்? அவருடைய பேச்சுத் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்களும், "அப்படி இல்லை ஐயா, இப்படி" என்று திருத்தியவர்களும் இல்லாமல் அந்தப் புத்தகம் பிறந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

முப்பத்தேழு வருஷம் இருந்தவரையும் ஆறு மாதம் இருக்கப் போகிறவனையும் ஒப்பிடலாமா? காலத்தின் அளவில் கூடாது. ஆனால் முதல் ஆறு மாதம் அவருக்கும் இருந்திருக்குமே! அந்த ஆறு மாதத்தில் ஒருவன் செய்யக் கூடியது, ஒருவரிடம் சீடனாகச் சேருவது. புரிவது அதற்குப் பிறகு, சில சமயம் ஊர் திரும்பிய பிறகு. இதை நினைக்கும்போது இன்றைய சௌகரியம் ஒன்று எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கைக்கடக்கமான தொலைபேசி இப்போது நம் பேச்சை எந்தப் பாஷையிலும் மாற்றிச் சொல்லி விடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க அது தெய்வம். ஆனால் அது பேசும்போது தப்பு நம்முடையது அல்ல. ஆகவே காய்கறிக்காரி நம்மைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது. அவள் திருத்துகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?

இதையெல்லாம் நான் விஸ்தாரமாக மருமகனிடம் சொல்லிக் கொண்டிருந்தபோது அக்காள் கணவரும் திண்ணையில் இருந்தார். "பெரிய பட்டணமா வேணாம். சட்டி பானை செய்யற சின்ன ஊராப் பாரு. உன்னைச் சேர்த்துக்கிட்டு வேலை சொல்ற ஒருத்தர் இருக்காரான்னு முதல்ல விசாரி. ஊரு அப்புறம்" என்று நான் முடித்தேன். அவர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "எனக்கு யாரும் எந்த ஊருன்னு கேக்கல, மச்சான். ஏஜெண்டு ஒரு பேரு சொன்னான். சரின்னு போனேன்."

அதில் வருத்தம் தெரியவில்லை. மகன் தேர்ந்தெடுக்கிறான் என்ற பெருமைதான் தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தை என் வாதத்தின் ஒரு ஓரத்தை நன்றாகப் பிடித்து இழுத்தது. தேர்ந்தெடுத்துப் போகிறவன் ஆறு மாதம் தங்கி விட்டுப் புத்தகம் எழுதுகிறான். தேர்ந்தெடுக்காமல் போனவர்கள் இலங்கைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்க் காட்டிலும் பர்மாவிலும் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள்; அவர்களில் எழுதியவர்கள் சிலரே. சிங்காரமும் ஊரைத் தேர்ந்தெடுத்துப் போனவரல்ல, பிழைக்கப் போனவர். பிழைக்கப் போனவர்களில் ஒருவருக்குப் பேனா வாய்த்தபோது நமக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்த்தால், வாய்க்காமல் போன மற்றவர்களிடம் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நினைக்கவே ஆயாசமாக இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். அந்நிய நாட்டில் தங்கி எழுதியதாகச் சொல்லுகிற ஒரு புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், எத்தனை நாள் தங்கினார், எத்தனை ஊர் பார்த்தார் என்று பார்க்காதீர்கள். அந்த ஊர்க்காரர் யாராவது இந்த ஆசிரியரை எங்கேயாவது திருத்துகிறாரா என்று பாருங்கள். "அது அப்படி இல்லை" என்று ஒரு கிழவியோ கடைக்காரரோ சொல்லுகிற இடம் ஒன்று இருக்கிறதா? அதற்கு ஆசிரியர் ஏதாவது பதில் சொல்லிப் பார்க்கிறாரா? இருந்தால் அதை நம்பிப் படிக்கலாம். முந்நூறு பக்கத்திலும் ஆசிரியர் சொன்னதே சரியாக இருந்து, ஊர்க்காரர்கள் எல்லோரும் புன்னகை செய்து கொண்டே இருந்தால், அவர் விருந்தாளியாகவே போய் விருந்தாளியாகவே திரும்பியிருக்கிறார்.

பாரிஸில் ஆறு மாதம் இருந்தவர்களின் புத்தகங்கள் இனியும் வரும், வரட்டும். எங்கள் அக்காள் கணவரைப் போன்ற ஒருவர் தம்முடைய ஒன்பது வருஷத்தை, அந்த அறையை, அந்த மலையாளத்தை, காலெடுத்து வைக்காத அந்த வீடுகளின் வாசலை எழுதினால், அதையும் நான் பிரயாண நூல் வரிசையில்தான் வைப்பேன். செட்டியாருக்கும் சிங்காரத்துக்கும் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது.